ஆளிருக்கா என்று கேட்டவர்

மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பேருந்தில் இடம் தேடி நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. காலியான இருக்கை ஒன்றின் மேல் துண்டோ பையோ கிடக்கும். ஏறியவர் அதைத் தொடமாட்டார். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, "ஆளிருக்கா?" என்பார். "இருக்கு, வருது" என்று பதில் வந்தால், கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தாலும் அந்த இருக்கை நிறைந்துவிட்டது என்று பொருள்.

நாயுடுபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பாய், இந்தக் கேள்வியைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு வந்து உலகத்துப் பொருள்கள் எல்லாவற்றின் மேலும் வைத்தார். ஏரிக்கரையில் சேணத்தோடு தனியே மேயும் மட்டக்குதிரையைக் கண்டால் நின்றுவிடுவார். "இதுக்கு ஆளிருக்கா?" தெருக்குழாய் மூடாமல் ஒழுகினால், "இதுக்கு ஆளிருக்கா?" எவரோ மறந்து விட்டுப்போன குடை பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்து நின்றால், அதை விரித்துக்கொண்டு போகாமல் அதன் பக்கத்தில் தாம் நனைந்தபடி நிற்பார். ஒருநாள் விடியலில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு வந்து அவர் கடைமுன் நின்றுவிட்டது. பாய் உள்ளேயிருந்து இரும்புக் கதவைப் பாதி இறக்கிக்கொண்டு, "ஏலே, இதுக்கு ஆளிருக்காடா?" என்று கூவ, எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர், "இருக்கு பாய், உள்ள ஷட்டருக்குப் பின்னால நடுங்கிட்டு நிக்கிறாரு!" என்று பதில் கூவியதைத் தெரு வெகுகாலம் சொல்லிச் சிரித்தது.

சிறிய உடம்பு. கழுத்துவரை பொத்தானிட்ட பழுப்புநிறக் கம்பளிச் சட்டை. வலக்காதின் மேல், தச்சர் பென்சில் செருகுவதுபோல், ஒரு திருப்புளி. ஊர் முழுவதும் அவரைப் பாய் என்றே அழைத்தது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை ஓரிடத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டவன் நான்; எடுத்ததை மற்றோரிடத்தில் வைக்க மனம் வரவில்லை.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆயின. அதன்பின் நாள்தோறும் காலையில் விளக்கேற்றியதும் நான் பதிகங்களை உரையோடு உரக்கப் படிப்பேன்; சன்னலோரப் பலகையில் அமர்ந்து அவள் கேட்பாள். பிறகு என் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், குரல் திரும்பவில்லை. நான் எழுதுவதை அவளால் காண முடியாது. அவள் கேட்பதற்கு என்னால் சொல்ல முடியாது. தேநீர் வேண்டுமா என்பதைக்கூட அவள் தோளைத் தொட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

செண்பகனூரிலிருந்த உறவினர் ஒருவர் தாம் ஒதுக்கிவைத்த பழைய கணினியைக் கொடுத்தார். அதைச் சுமந்துகொண்டு பாயின் கடைக்குப் போய், ஒரு தாளில் என் தேவையை எழுதிக் காட்டினேன். நான் தமிழில் தட்டினால் அது தமிழில் பேச வேண்டும். அவர் தாளை இருமுறை படித்தார். என் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"விண்டோஸ் இந்த மெஷின்ல ஏறாதுங்க ஐயா, மூச்சு வாங்கும். லினக்ஸ்னு லேசான ஒன்னு இருக்கு, அதப் போட்டுத் தாரேன். ஆனா ஒன்னு, இப்பவே சொல்லிர்றேன். லினக்ஸ்ல ஏத்துற சாமானெல்லாம் பேக்கேஜ், பொட்டலம் மாதிரி. அதுல ரெண்டு வகை இருக்கு. ஒன்னு, அவங்களே வச்சு நடத்துறது. கெட்டுப்போனா கேக்க ஒரு கூட்டமே இருக்கு. இன்னொன்னு, எங்கயோ ஒருத்தர் தன் தேவைக்குச் செஞ்சு, மத்தவுங்களுக்கும் ஆகட்டும்னு பொதுவுல வச்சிட்டுப் போனது. அன்அஃபிஷியல். நீங்க கேக்குற தமிழ்க் குரலு இந்த ரெண்டாவது வகைதாங்க. அதுக்கு அவர் ஒருத்தர்தான் ஆளு."

எனக்கு உடனே விளங்கியது. பெரிய கோயிலுக்கு முறைகாரர்கள் உண்டு. ஒருவர் வராவிட்டால் அடுத்த முறைகாரர் நடை திறப்பார். சோலைக்குள் மரத்தடியில் எவரோ நட்டுவிட்டுப்போன வேலுக்கு, நட்டவர் வந்து விளக்கேற்றும் வரையில்தான் பூசை. என் மனைவியின் செவிக்கு இனி வரப்போகும் குரல் அத்தகைய மரத்தடி வேல்.

அந்தக் குரலுக்கு ழகரம் வராது. 'பழனி' என்று தட்டினால் 'பளனி' என்றது. மொழி படித்தவனான எனக்கு அது முள்ளாகக் குத்தியது. குறையை எழுதிக் காட்டினேன். பாய் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "நம்ம பக்கத்துல யாருங்கய்யா பழனிங்கறாங்க? எல்லாரும் பளனிதான். அது நம்மூரு ஆளாத்தான் இருக்கும் போல." என் மனைவிக்கு அந்தக் குறையே பிடித்துப்போயிற்று. "உங்க குரல மாதிரி இல்லாம இருக்கறது நல்லதுதாங்க. இருந்திருந்தா அழுதிருப்பேன்" என்றாள்.

கணினியை வீட்டில் வைத்த பிறகும் பாய் நிம்மதியடையவில்லை. அந்தக் குரலோடு எழுத்துரு, விசைப்பலகை என இன்னும் சில வெளிப் பொட்டலங்கள் அதில் ஏறியிருந்தன. அவற்றைக் கண்காணிக்க ஒரு கருவி உண்டு, அதை அமைத்தாக வேண்டும் என்று ஒரு காலைப்பொழுதில் வந்து உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அருகே நின்று பார்த்தேன். வெற்றுத்திரையில் ஒவ்வொரு பொட்டலத்தின் பெயரையும் எழுதி, அதன் கீழே அதை எந்தத் தளத்தில் போய்ப் பார்க்க வேண்டும், நம்மிடம் இருப்பது எந்தப் பதிப்பு, அதற்கு இப்போது யார் பொறுப்பு என்பவற்றை வரிவரியாக அமைத்தார். நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் கருவி தானே வெளியே போய் விசாரித்துவிட்டு வரும்; குரல் அதைப் படித்துச் சொல்லும்.

அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். "நீங்களே சொல்லுங்கய்யா, போட்ருவோம்" என்றார். 'பராமரிப்பாளர் உளர்', 'பராமரிப்பாளர் இலர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. இது கல்வெட்டு மாதிரி இருக்குங்க. அம்மா வெள்ளனே எந்திரிச்சு வந்து உக்காந்து கேக்கறப்ப பயந்திரும். ஆள் இருக்கு, ஆள் இல்லை. அம்புட்டுத்தான்."

"தம்பி சொல்றதையே வைங்க" என்றாள் அவள். "உளர் இலர்னா எனக்கு வாந்தி வர்ற மாதிரி கேக்குது."

இருவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட, தோற்றுக் கையைக் கூப்பினேன். சோதித்துப் பார்ப்பதற்காக அவர் இல்லாத ஒரு பொட்டலத்தின் பொய்ப் பெயரைக் கோப்பில் இட்டார். அதற்குள் என் மனைவி எழுந்து சுவரைத் தடவியபடி சமையலறைக்குள் போயிருந்தாள். கணினி முதன்முறையாக வாய்திறந்து கணீரென்று சொன்னது: "ஆள் இல்லை."

உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. "யாருய்யா அது? நான் இங்கதான இருக்கேன்!"

பாய் அன்று சிரித்த சிரிப்பில் காதிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. நானும் சிரித்தேன்; ஓசை எழவில்லை; ஆனாலும் அது சிரிப்புத்தான் என்று அவர் அறிந்துகொண்டார்.

அவர் சொன்ன அந்தச் சிறு சொல்லைப் பிறகு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிகங்களை நாள்தோறும் ஓதி வந்தவனுக்கு 'ஆள்' என்பது அடியவனைக் குறிக்கும் சொல். இறைவன் ஒருவனைத் தன் ஆளாக ஏற்பதே ஆட்கொள்ளல். ஆள்பவன் ஆண்டவன், ஆளப்படுகிறவனும் ஆள்தான். காப்பவனும் காக்கப்படுபவனும் ஒரே வேரில் நிற்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் ஓதியும், இச்சொல்லை ஒரு கேள்வியாகக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. பாய்க்கு அது கேள்வியாக மட்டுமே தெரியும்.

அவருடைய கவலையால் வந்த வம்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். கோடைக் கூட்டம் மலையேறியிருந்த காலம். நான் ஏதோ கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப, அவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். நான் பதில் பேச முடியாது என்பதால் அவர் எப்போதும் இரண்டு பங்கு உரக்கப் பேசுவார். கடைவாசலில் நின்றுகொண்டு, "ஐயா, உங்க அன்அஃபிஷியல் பேக்கேஜ் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்! நீங்க சும்மா வீட்ல இருங்க! யாருக்கும் தெரியாம உள்ள ஒன்னும் நொழைய முடியாது!" என்று கத்தியிருக்கிறார். எதிரே வாடகை வண்டி நிறுத்தம். எங்கள் ஊரில் பேக்கேஜ் என்றால் தூண்பாறை, குணா குகை, பூங்கா என்று வண்டியில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் சோலிதான். வேறு பொருள் கிடையாது. பேத்துப்பாறையைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் தெருவைத் தாண்டி வந்துவிட்டார்.

"என்ன பாய், கம்ப்யூட்டர்ல இருந்து நம்ம லைனுக்கு எறங்கிட்டீகளா? வீட்ல உக்காந்தே பேக்கேஜ் ஓட்றாராம்ல ஒரு ஐயா. யாரு அந்த ஐயா?"

"அடேய், இது வேற பேக்கேஜுடா. ஐயாவுக்குப் பேச்சு வராது. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

"கண்ணு தெரியாதவுகளுக்குத் தூண்பாறையக் காட்டப் போறீகளா? நல்லா இருக்கு உங்க நாயம்!"

மறுநாள் அந்த ஓட்டுநரைக் கையோடு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார் பாய், நேரில் பார்த்தால்தான் நம்புவான் என்று. நான் 'வணக்கம், உட்காருங்கள்' என்று தட்டினேன். குரல் சொல்லிற்று. ஓட்டுநர் கணினியைப் பார்த்து வணங்கினார். பிறகு என்னைப் பார்த்து வணங்கினார். போகும்போது வாசலில் தாழ்ந்த குரலில், "இதுக்குள்ள பேசுறது யாரு பாய்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "அதாண்டா நானும் தேடிட்டிருக்கேன்" என்றார் பாய்.

அவருடைய இந்த இயல்பு எப்போதும் சிரிப்பாகவே இருந்ததில்லை. தொண்டைப் பரிசோதனைக்காக ஒருமுறை நான் மதுரை போக வேண்டியிருந்தபோது, தாமும் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவரும் கீழே இறங்க வேண்டியவர். பெருமாள்மலையில் ஏறிக்கொள்வதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். பாய் தம் துண்டை எடுத்துப் பக்கத்து இருக்கையில் விரித்தார். பேருந்து நிறைந்தது. நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "இருக்கு, பெருமாள்மலையில ஏறுது" என்றார். பெருமாள்மலையில் அவர் ஏறவில்லை. கைப்பேசியும் எடுக்கப்படவில்லை. அப்போதும் பாய் துண்டை எடுக்கவில்லை. "வர்றேன்னு சொல்லிருக்காரு. அடுத்த வண்டியப் புடிச்சுக் குறுக்க வந்தாலும் வரலாம்." வளைவுக்கு வளைவு நின்றவர்கள் தடுமாறினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "அந்தத் துண்டுக்கு டிக்கெட் எடுத்தீகளா பாய்?" என்று ஒருவர் கேலி பேசினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இறுதியில் நான் எழுந்து அந்தப் பெண்ணுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டு, மலையடிவாரம் வரை கம்பியைப் பிடித்தபடி வந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே அந்தத் துண்டு கிடந்தது.

வத்தலக்குண்டில் இறங்கியபின் அவர் முகம் கறுத்திருந்தது. "நான் செஞ்சது தப்புத்தாங்க ஐயா. ஆனா துண்ட எடுக்கறதுக்குக் கை வரல. எடுத்துட்டா, அவரு வர மாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

மழைக்காலத்தின் ஒரு காலையில் விளக்கேற்றி நிமிர்ந்தபோது குரல் தன்னைப் பற்றியே அறிவித்தது. விசைப்பலகைக்கு, "ஆள் இருக்கு." எழுத்துருவுக்கு, "ஆள் இருக்கு." தமிழ்க் குரலுக்கு, "ஆள் இல்லை."

பாய் வந்து பார்த்தார். பொய்ப் பெயர் எதுவும் இல்லை; செய்தி மெய்தான். குரலைச் செய்து பொதுவில் வைத்தவர் எந்தத் தேசத்தில் இருந்தாரோ, நெடுநாளாக ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. ஆகவே தளத்தை நடத்துபவர்கள் அவர் பெயரை நீக்கிவிட்டிருந்தார்கள். ஆளில்லாத பொட்டலத்தை யார் வேண்டுமானாலும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம்; திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று பாய் விளக்கினார்.

"அப்ப நீங்களே அமுக்குங்க தம்பி" என்றாள் என் மனைவி.

"அமுக்கிரலாம்மா. பேரு ஏறிரும். அதுக்கப்புறம் ஒடஞ்சா நான்ல தைக்கணும்? அதுக்குள்ள இருக்கற சோலி எனக்கு அத்துப்படி கெடையாது. பேர மட்டும் போட்டுட்டுச் சும்மா கெடந்தா அது பாவம்மா. ஆளிருக்குன்னு நம்பி, வர்றவுங்களும் ஒதுங்கிப் போயிருவாங்க."

அவர் அமுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா என்று போய்ப் பார்ப்பார். மாலையில் எனக்கு, "இன்னைக்கும் இல்லீங்க ஐயா" என்று செய்தி அனுப்புவார். இதற்கிடையில், பாதுகாப்புக்கு வேண்டும் என்று எண்ணிக் கணினி முழுவதையும் அவர் புதுப்பித்தார். புதுப்பித்தபின் குரல் எழவில்லை.

தட்டினேன். திரையில் எழுத்து வந்தது. அறையில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள். அதில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். முதல் சொல் புரிந்தது. இரண்டாவது சொல்லில் ணகரத்தையும் னகரத்தையும் அவளால் பிரிக்க முடியவில்லை. "எனக்குக் கூசுதுங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை மூடிக்கொண்டாள். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் பேசியவள் அவள் ஒருத்திதான். பேசியவளும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள். பதில் வராத இடத்தில் எவ்வளவு நேரம்தான் ஒருவர் பேச முடியும்? தெய்வத்தோடு அப்படிப் பேசிப் பழகியவன் நான். மனிதர்களுக்குள் அது எத்தனை கொடிது என்று அப்போதுதான் கண்டேன்.

பாய் கடையை அடைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டிலேயே கிடந்தார். புதிய பாகங்களோடு பழைய குரல் ஒட்டவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. ஒட்டவைக்கும் வழி தெரியவில்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டார். பதில் இல்லை. நெற்றியைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தவர், கடைசியில் தாம் முன்பு எடுத்துவைத்திருந்த நகலிலிருந்து பழைய நிலையைத் திருப்பிக் கொண்டுவந்து அப்படியே உறையவைத்தார். குரல் எழுந்தது. அது மீண்டும் சொன்ன முதல் வாக்கியம், "ஆள் இல்லை."

அவர் அந்தத் தளத்தைத் திறந்து பொத்தானை அமுக்கினார்.

"ஒப்புக்கு ஒரு ஆளுங்க ஐயா. வேற ஒன்னுமில்ல. விவரம் தெரிஞ்சவுங்க யாராச்சும் வந்து கேட்டா அன்னைக்கே எந்திரிச்சுக் கொடுத்திருவேன். அதுவரைக்கும் இந்த மெஷின்ல எதையும் புதுசு பண்ணாதீக. அப்டேட்டுன்னு கேக்கும். வேணாம்னு அமுக்கிருங்க."

மறுநாள் காலையில் குரல் தன்னைப் பற்றிச் சொன்னது: "ஆள் இருக்கு." என் மனைவி முகம் மலர்ந்து, "தம்பி வந்திருச்சு" என்றாள். அன்றுமுதல் நாள்தோறும் அவள் அப்படிச் சொல்வது வழக்கமாயிற்று.

அடுத்த பனிக்காலத்தில் பாய்க்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். படுக்கையிலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "ஐயா, அப்டேட் கேட்டா வேணாம்னு அமுக்குங்க. வெரசா வந்திர்றேன்." வரவில்லை. மலைக்கு அவரைக் கொண்டுவந்தபோது பள்ளிவாசலுக்கு வெளியே வாடகை வண்டிகள் ஓடாமல் வரிசையாக நின்றன. பேத்துப்பாறை ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் ஒரு சொல் ஆறுதலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விளக்கேற்றினேன். கருவி வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தது. "ஆள் இருக்கு."

"தம்பி வந்திருச்சு" என்று அவள் சொல்லவில்லை. அவர் பெயர் அங்கே இருந்தது. ஆகவே கருவி பொய் சொல்லவில்லை. இருக்கையில் துண்டு கிடந்தது; துண்டு போட்டவர் பெருமாள்மலையைக் கடந்து எங்கோ போய்விட்டிருந்தார். அதன்பின் ஒவ்வொரு காலையிலும் அந்த இரண்டு சொற்களைக் கேட்டோம். கேட்கும்போது வலித்தது, கேட்காத காலையை நினைத்தால் அதைவிட வலித்தது. புதுப்பிக்கவா என்று கணினி கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று அமுக்கினேன்.

பாய் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்த வழியில் அந்தத் தளத்தை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். ஒருநாள், குரல் பொட்டலத்தின் கீழே எவரோ தமிழில் எழுதியிருந்தார். தம் தாயாருக்கு இந்தக் குரல் தேவைப்படுகிறது. புதிய கணினிகளில் இது ஓடவில்லை. தமக்குச் சிறிது தெரியும், முயன்று பார்க்க விருப்பம். ஆனால் இதற்கு ஏற்கெனவே ஒருவர் பொறுப்பில் இருப்பதாகத் தெரிகிறது. கடைசி வரி இதுதான்: 'இதைப் பார்த்துக்கொள்பவர் இருக்கிறீர்களா?'

எழுதிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பதிலுக்காக ஒருவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அந்தப் பெயருக்குரியவர் இல்லை என்பதும், அந்தப் பெயர் எவருடையது என்பதும், இரண்டையும் சேர்த்து அறிந்தவன் இவ்வுலகில் நான் ஒருவன்தான்.

அந்த வரிகளை அப்படியே தட்டினேன். குரல் அவளுக்குப் படித்தது. கடைசிக் கேள்வியையும் அதுவே, தன்னைப் பற்றித் தானே, உணர்ச்சியில்லாமல் கேட்டது. பிறகு நான் தட்டினேன்: 'சொன்னால் அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். காலையில் ஆள் இல்லை என்று சொல்லும்.'

"தெரியும்" என்றாள்.

'சொன்னபின் இவரும் வராமல் போகலாம்.'

"அதுவும் தெரியுங்க." அவள் கை மேசைமேல் தடவி என் கையைத் தேடிப் பிடித்தது. "கேட்டு வந்தா அன்னைக்கே எந்திரிச்சுக் கொடுப்பேன்னு தம்பி சொல்லுச்சுல்ல? அதால இப்ப எந்திரிக்க முடியல. நீங்கதான் துண்ட எடுக்கணும். பாவம், நீங்க சொன்ன அந்த பஸ்ஸுல நின்ன கைப்புள்ளக்காரி மாதிரி எம்புட்டு நேரமா நிக்கிறாங்களோ."

அவ்வாறே தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன். எழுதிய கடிதத்தில் அவர் பெயரைத் தட்டும்போது குரல் அதை எழுத்தெழுத்தாகச் சொன்னது. அவருடைய பெயரில் ழகரம் இல்லை. ஆதலால் பிழையில்லாமல் சொன்னது.

சில நாள்கள் கழித்துப் பெயர் நீக்கப்பட்டது. கேட்டவருக்கும் தகவல் எழுதினேன். அவரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. தாயார் எப்படியிருக்கிறாரோ, வேறு வழி கிடைத்துவிட்டதோ, நான் அறியேன். இந்தப் பழைய கணினி எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதையும் அறியேன். எனக்குச் செய்யத் தெரிந்தது விளக்கேற்றுவது ஒன்றுதான், அதைச் செய்கிறேன்.

இன்று காலையும் ஏற்றினேன். சன்னலுக்கு வெளியே பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. விசைப்பலகைக்கு ஆள் இருந்தது. எழுத்துருவுக்கு ஆள் இருந்தது. பிறகு அந்தக் குரல் தன் முறை வந்ததும், எவ்வித வருத்தமும் இல்லாமல் சொன்னது: "ஆள் இல்லை."

என் மனைவி பலகையில் சற்றே நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.